நாலாவது கால்வாய்

மேல் வலப்பக்கம், கடைசிக்கு முந்தின பல்.
நரம்பை எடுத்துப் பதினோரு நாளாயிற்று.
எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன்.
பஞ்சின் மேல் ஒரு சிவப்பு இழை,
சட்டைக்குப் பொத்தான் தைக்கக்கூடக் காணாது.
இதுவா தை மாசம் முழுக்க
என்னை இடப்பக்கமாகவே படுக்க வைத்தது?

அயனாவரம் மார்க்கெட்டுக்கு எதிரே
செருப்பைக் கீழேயே விட்டு ஏறுகிற மாடி.
டாக்டர் ஹெப்சிபா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்:
மூன்று வெள்ளைக் கோடுகள், நுனிவரை நிரப்பியாகிவிட்டது.
"நரம்பே இல்லையே மேடம்,
வலிக்க அங்க யாரு இருக்கா?"

நியாயமான கேள்வி.
காலி செய்து பூட்டின வீட்டுக்குள்
ராத்திரி யாரோ கட்டில் நகர்த்துகிறார்கள்.

கத்துகிற வலி இல்லை இப்போது.
பக்கத்துப் போர்ஷன் மோட்டார் மாதிரி,
நின்ற பிறகுதான் தெரியும் ஓடிக்கொண்டிருந்தது.
நாக்குக்கு வேறு வேலையில்லை,
பாரா போகிறவன் கதவைத் தட்டிப் பார்ப்பதுபோல்
போய்ப் போய்த் தொட்டுவிட்டு வருகிறது.
ஓட்டேரி தாண்டி, மெட்ரோவுக்குத் தகரம் அடைத்த இடத்தில்
ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்.
நேற்றைவிட இன்று அது எத்தனை விரல் ஆழம் என்று
என்னைக் கேளுங்கள்.

ஆளுக்கொரு வைத்தியம். கிராம்பு, உப்புத்தண்ணீர்,
நுங்கம்பாக்கத்தில் வேறொரு டாக்டர்.
குணபூஷணி சாத்தூரிலிருந்து கொண்டுவந்த சேவு
டிராயருக்குள் மணக்கிறது.
முதல் வாரம் "ரொம்ப வலிக்குதா" என்ற என் வீட்டுக்காரர்
இந்த வாரம் பேப்பரை இறக்காமல்
"இன்னுமா?" என்கிறார்.

இன்னுமா.
இந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.
நான் குடிநீர் வாரியத்தில், புகார் மேசையில் இருக்கிறேன்.

புளியந்தோப்பு, மூன்றாவது சந்து, நஜ்முன்னிசா.
தினமும் பத்தே காலுக்கு.
"தோண்டுனாங்க, பைப்ப மாத்துனாங்க,
மூடி மேல தாரும் ஊத்திட்டாங்க.
இன்னும் ஊறுதும்மா.
புள்ளைங்க ஷூவக் கையில எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போகுதுங்க."
திரையில் பச்சையாக இருக்கும்: முடிக்கப்பட்டது.
"முடிஞ்சிருச்சுன்னு காட்டுதேம்மா,
இன்னுமா ஊறுது?" என்பேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சிருக்காது.
பிறகு, குற்றம் செய்தவள்போல,
"ஆமாம்மா."

மூன்றாம் தடவை போனபோது
ஹெப்சிபா கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.
கண்ணாடிக் காம்பால் ஒவ்வொரு பல்லாய்த் தட்டினாள்.
இது? இல்லை. இது? இல்லை.
இது?
நாற்காலிக் கைப்பிடி பதில் சொன்னது.

"சில பேருக்கு நாலாவதா ஒரு கால்வாய் இருக்கும்.
மயிரிழைதான். படத்துல மத்ததுக்குப் பின்னாடி
ஒளிஞ்சு நிக்கும். இருக்கான்னு
மறுபடி திறந்து பாத்தாத்தான் தெரியும்.
இல்லாமலும் இருக்கலாம்."

இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு.
சீட்டுப் பணம் எடுக்க வேண்டும்.
ஆனாலும் படியிறங்கும்போது
யாரோ என்னை ஜாமீனில் விட்டதுபோல் இருந்தது.
பூக்காரியிடம் பேரம்கூடப் பேசவில்லை.

மறுநாள் பத்தே கால்.
ஹெட்போனை இடக்காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டேன்:
எந்த இடத்துல ஊறுது? காலையிலயா, ராத்திரியா?
பம்பு அடிச்சா அதிகமாகுதா?
பக்கத்துல பழைய லைன் ஏதாச்சும் போகுதா?
நஜ்முன்னிசா திணறிவிட்டாள்.
இத்தனை கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை.
"இருங்கம்மா, வாசல்ல போய்ப் பாத்துட்டு வரேன்."
தண்ணீரில் செருப்புச் சத்தம் கேட்டது.

முடிந்ததைத் திறக்கக் காரணம் கேட்டது கணினி.
நாற்பது எழுத்துக்குள்.
உள்ளே இன்னொன்று இருக்கலாம், என்று அடித்தேன்.
ஏற்குமா தெரியவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எப்பம்மா வருவாங்க?"
"வியாழக்கிழமை" என்றேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது,
அது ஹெப்சிபா எனக்குக் கொடுத்த நாள்.